மலாக்காவில் மனநோயாளருக்குத் துணைநின்ற மாதர்

1896ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி துரையின் ஓயாத தூண்டுதலுக்குச் செவிசாய்த்து, டான் சே யான் என்னும் மலாக்காச் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டபோது, மலாயா நாட்டின் ரப்பர் வாணிபத்துக்கு வித்திடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் புக்கிட் அசாகானில் அவர் காடழித்து உண்டாக்கிய பெருந்தோட்டமும், அதன் வெற்றியைக் கண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் அடுத்தடுத்துத் திறந்த தோட்டங்களும் ஆள்பலத்தை வேண்டி நின்றன. கங்காணியின் வாக்கை நம்பி, பஞ்சமும் கடனும் துரத்த, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள், காடும் அட்டையும் மலேரியாவும் நிறைந்த அந்நிலத்தில் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியமர்ந்தனர். அம்மக்களின் தேகத்துக்கு வந்த வியாதிகளைப் பற்றி அரசாங்கத்தார் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினர். நோயுற்ற தேகம் பால் வெட்டாது என்பதனால் அதில் முதலாளிகளுக்கும் அக்கறை இருந்தது. மனத்துக்கு வந்த வியாதியோ, அது அடிதடியாகவோ கொலையாகவோ வெளிப்பட்டாலன்றி, எவர் கணக்கிலும் ஏறவில்லை.

கணக்கில் ஏறாத அந்த வியாதியோடு அன்று முதல் இன்று வரை மல்லுக்கு நின்றவர்களுள் பெரும்பாலோர் ஸ்திரீகள் என்பதும், அவர்கள் ஓர் இனத்தாரோ ஒரு மதத்தாரோ அல்லர் என்பதும் மலாக்காச் சரித்திரத்தில் போதிய அளவு பேசப்படாத செய்திகள். தமிழ் ஆயா, மலாய் மருத்துவச்சி, சீனர் கோயிலில் அருள் வந்து ஆடிய மூதாட்டி, ஐரோப்பாவிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ, யூரேஷியத் தாதி, யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டு மகள் என்று, பல பாஷை பேசிய பல பெண்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பணியில் ஈடுபட்டிருந்தனர். அந்தப் பணி ஓர் உத்தியோகமாக அங்கீகாரம் பெற்று, அதற்குப் படிப்பும் பட்டமும் சட்டமும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

அரசாங்கத்தின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். மலாக்கா, பினாங்கையும் சிங்கப்பூரையும் போலவே, நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாகப் பிரிட்டிஷாரால் ஆளப்பட்டது. அக்குடியேற்றங்களுள் சிங்கப்பூரின் முதல் பைத்தியக்கார ஆஸ்பத்திரி 1841இல் எழுந்தது. அதுவரை சித்தம் கலங்கியவர்கள் சிறையில் குற்றவாளிகளோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட்ட கொடுமைக்குப் பிறகே தனிக் கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு உதித்தது. மனநோயாளருக்குச் சிங்கப்பூரில் கட்டப்பட்ட முதல் வீடு அவர்களிடத்தில் கொண்ட இரக்கத்தால் அன்றி அச்சத்தால் கட்டப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1887இல் அங்கேயே புதிய ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அதனை நடத்திய கில்மோர் எல்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர், மலாய்க்காரரிடையே காணப்பட்ட ஆமோக் வெறியைப் பற்றி 1893இலும், லாத்தா என்னும் நிலையைப் பற்றி 1897இலும் லண்டன் மருத்துவ சஞ்சிகையில் கட்டுரைகள் எழுதினார். மலாய் மாநிலங்களுக்கென்று பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரி உண்டாயிற்று. ஜொகூரில் தம்போய் ஆஸ்பத்திரி 1930களில் எழுந்தது. யுத்தத்துக்குப் பின்னர் சிங்கப்பூர் தனியே பிரிந்து, மலாக்கா மலாயாவோடு இணைந்தபோது, மலாக்கா நோயாளருக்குத் தம்போயே கதி ஆயிற்று.

பூலாவ் செபாங்கை ஒட்டிய தம்பின் ஸ்டேஷனில் ரயிலேற்றப்பட்டு, கை கட்டப்பட்ட நிலையில், கூடவே போலீஸ்காரர் ஒருவர் வர, நாள் முழுதும் பிரயாணம் செய்து ஜொகூர் பாரு சேர்வதென்பது ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏறக்குறைய மரணத்தை ஒத்த செய்தியாயிருந்தது. போய்ப் பார்க்க லீவும் இல்லை, பணமும் இல்லை. போனவர் திரும்பினால் அவருக்கு எவரும் பெண் கொடுக்கவில்லை. திரும்பாவிட்டால் அவர் பெயரைக் குடும்பத்தில் எவரும் உச்சரிக்கவில்லை. 'தம்போய்' என்ற ஊர்ப்பெயர் சண்டையில் வசவாகவும், குழந்தைகளை அடக்கும் மிரட்டலாகவும் தோட்டப்புறங்களில் வழங்கியதன் காரணம் இதுதான். ஆகவே நோயாளியை அங்கே அனுப்பாமல் லயத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள எத்தனை வழி உண்டோ அத்தனையையும் மக்கள் முயன்றனர். அந்த வழிகள் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தன.

அவற்றுள் முதலாவதாக நாம் நினைக்க வேண்டியது ஆயாக்கொட்டகை. அத்தாப்பு வேய்ந்த நீண்ட கூரை. குறுக்கு விட்டத்தில் பழஞ்சேலைகளால் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கும். ஓர் ஓரத்தில் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். இருள் பிரியுமுன், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஓடும் அவசரத்தில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு இடுப்பில் குழந்தையுமாக வரும் தாய்மார், பிள்ளையை ஆயாவிடம் விட்டு நிரைக்குப் போவர். பால் சுரந்து மார்பு கனக்கும் வேளையில் ஓடிவந்து ஊட்டிவிட்டு மறுபடி போவர். பால் வெட்டவோ காடு வெட்டவோ இயலாத முதிய பெண்ணே ஆயாவாக அமர்த்தப்படுவது வழக்கம். பத்து நாள் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் தாய், பால் கொடுக்க வரவேண்டிய வேளையில் வராத தாய், காரணமின்றிக் கண்ணீர் உகுத்தபடி பிள்ளையைப் பிறர் பிள்ளைபோல் வெறித்துப் பார்க்கும் தாய் ஆகியோரைத் தோட்டத்தில் முதன்முதல் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய இடத்தில் இருந்தவள் அந்த ஆயாதான். பிரசவத்தின் பின் மாதரைப் பீடிக்கும் சோர்வு நோயைப் பற்றி அவள் எந்தச் சாஸ்திரத்திலும் படித்தவள் அல்லள். ஆயினும் அந்தத் தாயைத் தனியே விடாதே, கிணற்றடிக்குத் தனியாகப் போகவிடாதே, அரிவாளை எடுத்து மறைத்து வை என்று லயத்தாருக்குச் சொல்லியனுப்பும் விவேகம் அத்தகைய முதியவளிடம் இருந்தது. தோட்டத்து டிரஸ்ஸரிடம் இருந்ததோ கொயினா மாத்திரையும் காயத்துக்குக் கட்டும் துணியுமே.

இரண்டாவது வழி வேப்பிலை. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் முன்னால், வெள்ளிக்கிழமை அந்தியில், கூந்தல் அவிழ்ந்து தலையைச் சுழற்றி ஆடும் ஒருத்தியை நான்கு பெண்கள் பிடித்து உட்கார வைப்பர். குறி சொல்லும் மூதாட்டி, வேப்பிலைக் கொத்தால் உச்சி முதல் பாதம் வரை தடவி, திருநீற்றை நெற்றியில் அழுத்தி, 'யார் நீ? எங்கேயிருந்து வந்தே? உனக்கு என்ன வேணும்?' என்று கேட்பாள். அப்பொழுது பேயின் வாயாக வெளிவரும் சொற்களைக் கூர்ந்து கேட்டவர்க்கு ஓர் உண்மை புலப்படும். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைக்கும் புருஷனைப் பற்றி, கங்காணியின் கண்பார்வையைப் பற்றி, ஊரில் விட்டுவந்த தாயைப் பற்றி, இறந்த குழந்தையைப் பற்றி, அப்பெண் தன் வாயால் ஒருநாளும் சொல்லத் துணியாத குறைகள் அனைத்தும் அங்கே பத்துப் பேர் கேட்கப் பேசப்படும். பேசியது பேய் என்பதால் அவளை எவரும் தண்டிக்க இயலாது. பேய்க்கு வாக்குக் கொடுக்கும் பாவனையில் புருஷனும் மாமியாரும் சில நிபந்தனைகளுக்கு உடன்படுவர். இதனை அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. என் அபிப்பிராயத்தில், வாய்மூடிக் கிடந்த ஒருத்திக்குப் பேச ஓர் இடமும், கேட்க ஒரு கூட்டமும், நியாயம் வழங்க ஒரு கிழவியும் கிடைத்த சபை அது. அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது.

அதன் தீங்கையும் மறுக்கக் கூடாது. ஆண்டுக்கணக்காகச் சித்தப்பிரமை கொண்டவர்களுக்கு வேப்பிலை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாத இடத்தில் பிரம்படி வந்தது, மிளகாய்ப் புகை வந்தது, இறுதியில் சங்கிலியும் வந்தது. இளமையில் சிகிச்சை பெற்றிருந்தால் தேறியிருக்கக் கூடிய பலர், காத்துக் கருப்பு என்றும் செய்வினை என்றும் ஆண்டுகளை இழந்தனர்.

லயத்தின் எல்லையில் இந்தத் துணை நின்றுவிடவில்லை. தமிழச்சி வேலிக்கு அப்பால் கம்பத்திலிருந்த மலாய் மருத்துவச்சியிடம் போய்ப் பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிடச் சொல்வதும், செய்வினைச் சந்தேகத்துக்குப் பொமோ என்னும் மலாய் மந்திரவாதியிடம் தண்ணீர் ஓதி வாங்குவதும், மலாய்க்காரரும் சீனரும் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கயிறு மந்திரித்துக்கொள்வதும் மலாயாவில் வழங்கிய பழக்கங்கள். மலாக்கா நகரத்துக்கோ இந்தக் கலப்பு இன்னும் பழையது. தட்டார் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை நிறுவிய மலாக்காச் செட்டி சமூகத்தார், சைவ வழிபாட்டை விடாமல், வீட்டில் மலாய் பேசி, மலாய்க்காரரைப் போல் உடுத்தி, காஜா பேராங்கில் இன்றும் வாழ்கின்றனர். நோய்நொடி வந்தபோது விபூதியும் மலாய்க் கைவைத்தியமும் அவர்கள் வீட்டில் ஒன்றையொன்று தள்ளியதில்லை. உள்ளத்தின் துயரத்தை ஆற்றுவதில், நம் முன்னோர்களான பெண்கள் மதத்தையும் மொழியையும் தடையாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டா.

இந்தக் கிராமத்து ஞானத்தை வெளிநாட்டு ஆராய்ச்சியாளரும் பிற்காலத்தில் மலாக்காவில் தேடி வந்தனர். ரொனால்டு சைமன்ஸ் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர், மஸ்ஜித் தானாவை அடுத்த படாங் கெமுந்திங் என்னும் மலாய்க் கம்பத்தில் தங்கி, லாத்தா நிலைக்கு ஆளான மாதரைப் பற்றி ஆராய்ந்து, 1983இல் ஒரு திரைப்படமும் வெளியிட்டார். திடுக்கிட்டவுடன் தம்மை மறந்து பிறர் சொல்லையும் செயலையும் அப்படியே திருப்பிச் செய்யும் அப்பெண்களைக் கம்பத்தார் நோயாளிகளாக ஒதுக்காமல், கல்யாண வீடுகளில் தம்மோடு வைத்துக்கொண்டதை அதில் காணலாம்.

யுத்தத்தின் கதையை விரைவாகக் கடந்துபோக மனம் வரவில்லை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவர்களுள் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். 1905இல் போடப்பட்டு, மலாக்கா நகரையும் தம்பினையும் இணைத்த கிளை ரயில்பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்து அதே சயாம் வேலைக்கு அனுப்பினர். மலாக்கா நகருக்கு ரயில் மறுபடி வரவே இல்லை. ஆடவர் போன லயங்களில், செய்தியும் இல்லாமல், தாலியை அறுப்பதா வைத்துக்கொள்வதா என்றும் தெரியாமல் ஆண்டுகளைக் கழித்த பெண்களின் மனநிலையை அக்காலத்து ஆஸ்பத்திரி எதுவும் விசாரிக்கவில்லை. விசாரிக்க இடமும் இல்லை. தம்போய் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஜப்பானிய ராணுவத்தின் கிருமி யுத்தப் பிரிவு எடுத்துக்கொண்டு, பிளேக் நோயைப் பரப்புவதற்கான எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் அங்கே வளர்த்தது. அந்நாட்களில் வாசலில் அமர்ந்து ஒருத்திக்கொருத்தி தலைவாரி, ஒப்பாரி வைத்து, மரவள்ளிக் கிழங்கைப் பங்கிட்டு, பித்துப்பிடித்தவளையும் தம் நடுவில் உட்கார்த்தி உயிரோடு காத்தவர் அந்தப் பெண்களே. மனோவைத்திய சரித்திரத்தில் அவர்களுக்கு ஓர் அத்தியாயம் தகும்.

தாதித் தொழிலுக்கு இனி வருவோம். மலாக்காவில் 1860இல் குழந்தை இயேசு சபைக் கன்னியர் கான்வென்ட் நிறுவினர். பிரான்ஸிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த அவர்களும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கனோசியன் சபைச் சகோதரியரும், கைவிடப்பட்ட பெண்குழந்தைகளுக்கு வீடு கொடுத்ததோடு, பெண்களுக்கு ஆங்கிலக் கல்வியும் கொடுத்தனர். அக்கல்வி பெற்ற யூரேஷியப் பெண்களும் சீனப் பெண்களும், ரயில்வே, கிராணி உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார், மலையாளிகள் வீட்டுப் பெண்களும் ஆஸ்பத்திரிகளில் தாதிகளாகப் புகுந்தனர். தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஏன் புகவில்லை என்று கேட்பவர் தோட்டப் பள்ளியை நினைக்க வேண்டும். அங்கே ஆரம்பக் கல்வி மட்டும். அதுவும் தமிழில் மட்டும். அதற்குப் பிறகு பெண்ணின் கையில் உளிதான். தாதிப் பயிற்சிக்கு ஆங்கிலமும் மேல்வகுப்பும் வேண்டும். ஆகவே தோட்டத்துத் தமிழன் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அவன் பேச்சைப் புரிந்துகொள்ளும் அவனுடைய சமூகத்துப் பெண் ஒருத்தி அங்கே வெள்ளை உடையில் நிற்பது அரிதாயிற்று. தமிழ் தெரிந்த வேலைக்காரரும் பணியாளரும் மொழிபெயர்த்துச் சொன்னதே வைத்தியரின் காதுக்குப் போயிற்று. வயிற்றுவலியை மொழிபெயர்க்கலாம், மனத்தின் வேதனையை மூன்றாம் மனிதன் வாயால் முழுமையாகச் சொன்னவர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1952இன் மனநோய்ச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயே, 1958இல் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு திறக்கப்பட்டு, மனநோயாளரையும் மற்ற நோயாளரைப் போல் சொந்த ஊரிலேயே பார்க்கலாம் என்னும் கொள்கை இந்நாட்டில் கால்கொண்டது. அதே காலத்தில் இன்னொரு வியப்பான பிரயாணமும் தொடங்கியது. 1960களிலும் 70களிலும் மலேசியப் பெண்கள், சீனரும் தமிழரும் மலாய்க்காரருமாக, தாதிப் பயிற்சிக்காகப் பிரிட்டனுக்குக் கணிசமான தொகையில் சென்றனர். அந்நாட்டு மனநோய் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய உள்ளூர்ப் பெண்கள் முன்வராத காலம் அது. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரிஷியஸ், மலேசியா ஆகிய நாடுகளின் பெண்களே அந்த வார்டுகளை நடத்திக் கொடுத்தனர். மூன்றாண்டுப் பதிவு பெற்ற தாதிப் பயிற்சியை எதிர்பார்த்துப் போன பலர், அந்தஸ்தில் குறைந்த இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர். வெள்ளைக்கார நோயாளியின் ஏச்சையும் குளிரையும் பொறுத்துக்கொண்டு, மனநோயாளியிடம் நிதானமாகப் பேசுவது எப்படி, கட்டாமல் அடக்குவது எப்படி என்று அவர்கள் கற்றனர். அவர்களிற் சிலர் திரும்பிவந்து கற்றதை இங்கே பயன்படுத்தினர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். கங்காணியின் கப்பலில் ஏறிவந்த பாட்டியின் பேத்தி, அந்நிய தேசத்தில் அந்நியரின் மனநோய்க்குத் துணையிருக்க விமானம் ஏறியது நம் சமூகத்தின் சரித்திரத்தில் பெருமையோடு எழுதப்பட வேண்டியது.

வைத்தியர் பதவியில் பெண்கள் ஏறுவதற்கு எங்கும் காலம் பிடித்தது. பிரிட்டிஷ் மனநோய் வைத்தியர் சங்கத்தின் தலைமையில் முதன்முறையாக ஒரு பெண் அமர்ந்தது 1939இல். அவர் டப்ளினில் பிறந்த ஹெலன் பாயில். நம் தமிழ்நாட்டில் மனநல மருத்துவத்தில் முன்னோடியான பெண் என்னும் சிறப்பு சாரதா மேனன் அம்மையாரைச் சாரும். மலையாளக் குடும்பத்தில் 1923இல் மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்று, பெங்களூரில் மனநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்ற அவர், 1959இல் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் சேர்ந்து, 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தாய்மொழி வேறாயினும், அவர் சிகிச்சை செய்தது தமிழ் பேசும் ஏழைகளுக்கு. அடைத்து வைக்கும் இடமாயிருந்ததை வந்து போகும் சிகிச்சாலயமாக மாற்றுவதிலும், தேறியவர்களுக்குத் தொழில் கற்பிப்பதிலும் அவர் ஆயுளைச் செலவிட்டார். 1984இல் சகாக்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல ஸ்தாபனத்தைப் பின்னர் டாக்டர் தாரா ரங்கசாமி நடத்தினார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்கென 'சிநேகா'வை நிறுவினார். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்கென 'பான்யன்' இல்லத்தைத் திறந்தனர். ஆயினும் அதே தமிழ்நாட்டில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் தீயில் வெந்து மாண்டனர். மலாக்காத் தோட்டங்களில் சங்கிலி போட்ட கைகளுக்கும் ஏர்வாடியில் சங்கிலி போட்ட கைகளுக்கும் பேதம் இல்லை; இரண்டும் நம் கைகளே.

மலாக்காவில் 1970களுக்குப் பிறகு தோட்டங்கள் சுருங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் டுரியான் துங்கலிலும் மெர்லிமாவிலும் நகரத்து ஓரங்களிலும் குடியேற, பெண்கள் பத்து பெரண்டம் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டில் நின்றனர். கோயிலும் ஆயாவும் அண்டை அயலும் லயத்தோடு போயின. கள்ளுக்குப் பதில் மலிவுச் சம்சுச் சாராயம் வந்தது. நாட்டின் பிற தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்கள் பேய் பிடித்து அலறி விழுந்த செய்திகளைப் பினாங்கில் பிறந்த அய்ஹ்வா ஓங் என்னும் பெண் மானிடவியலறிஞர் ஆராய்ந்து, 1987இல் வெளியிட்ட நூலில், இயந்திரத்தின் கட்டுக்காவலை உடல் எதிர்த்த விதம் அது என்று விளக்கினார். மாரியம்மன் கோயில் முன்னால் ஆடிய தமிழ்ப் பெண்ணும் சிலிக்கான் தகட்டின் முன் அலறிய மலாய்ப் பெண்ணும் ஒரே முறையீட்டையே வேறு வேறு இடத்தில் செய்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனினும் கடுமையான உண்மை ஒன்று உண்டு. மலேசிய மக்களுள் இந்தியரிடையே தற்கொலை விகிதம் மிகுந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. கேமரன் மலையைப் பற்றி டாக்டர் டி. மணியம் 1988இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெரும்பாலும் நம் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது; அந்த விஷம் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. அப்பெண்களின் உடல்நிலையைப் பற்றி முதன்முதல் உரத்துப் பேசியவர்களுள் ஒருவர், 1991இல் 'தெனாகனித்தா'வை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார். பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான்.

இன்று சட்டங்கள் திருந்தியிருக்கின்றன. 1998இன் ஆலோசகர் சட்டம் உளவியல் ஆலோசனையைப் பதிவு பெற்ற தொழிலாக்கியது. 2001இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 2010இல் நடப்புக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. தம்போய்க்குப் போகாமலே மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். மனநல வைத்தியராகவும், மருத்துவ உளவியலாளராகவும், பதிவு பெற்ற ஆலோசகராகவும், பள்ளி ஆலோசக ஆசிரியையாகவும், தொலைபேசியில் இரவெல்லாம் கேட்டிருக்கும் பிஃபிரெண்டர்ஸ் தொண்டராகவும் இந்நாட்டில் பணிபுரிவோரில் மலாய், சீன, இந்திய, யூரேஷியப் பெண்கள் அனைவரும் உண்டு. ஆனால் தமிழில் கேட்டு, தமிழில் பதில் சொல்லக் கூடியவர்கள் தேவைக்கு மிகக் குறைவு. சிறிய தோட்டப் பள்ளிகளுக்கோ முழுநேர ஆலோசக ஆசிரியை கிடைப்பதில்லை. ஜாசினிலிருந்து வரும் ஒரு தமிழ்த் தாய், மருமகள் தன்னை ஏசியது முதல் இரவில் காதில் கேட்கும் குரல் வரை, தேசிய மொழியில் திக்கித்திக்கிச் சொல்லவேண்டியவளாயிருக்கும் வரையில், நூறாண்டுக்கு முன் மொழிபெயர்ப்பாளன் வழியே பேசிய அவள் பாட்டனுக்கும் அவளுக்கும் நிலையில் அதிக வேற்றுமை இல்லை.

ஆகவே மலாக்காத் தமிழ்ப் பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மகள் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேறி உளவியலோ ஆலோசனைத் துறையோ மனநலத் தாதிப் பயிற்சியோ படிக்க விரும்பினால், பைத்தியக்காரரோடு பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்லித் தடுக்காதீர்கள். கோயில் நிர்வாகத்தார், திருவிழாவுக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கை இத்துறையில் படிக்கும் பெண்களுக்கு உபகாரச் சம்பளமாகக் கொடுங்கள்; மாதத்தில் ஒரு நாளாவது கோயில் மண்டபத்தை ஒரு தமிழ் ஆலோசகருக்குத் திறந்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் உறக்கமும் உணவும் இன்றி ஒடுங்கிப்போயிருந்தால், விபூதியும் போடுங்கள், அரசாங்க மனநலத் தொலைபேசியான 15555ஐயும் அழையுங்கள். உயிரை விட முயன்றவரையும் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதற்காக இப்பொழுது எந்தப் போலீசும் அவர்மேல் வழக்குப் போடாது.